வாசல் மரத்தை வெட்ட அனுமதி கேட்பதற்கு முன்

கேள்வி: எங்கள் வீட்டு முன், நடைபாதையை ஒட்டி ஒரு பெரிய மரம் நிற்கிறது. அப்பா இந்த வீட்டை வாங்கியபோதே அது வளர்ந்த மரம். இப்போது வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கிவிட்டது. போன மாதம் அம்மா தடுக்கி விழுந்தார். கழிவுநீர்க் குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. குழாய் வேலை செய்பவர் கொத்தாக வேரை இழுத்துக் காட்டினார். ஒரு கிளை மாடிச் சுவரை உரசுகிறது. மரத்தை அகற்ற அனுமதி கேட்டு நகர நிர்வாகத்துக்கு எழுதினேன். ‘போதிய காரணம் இல்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ‘ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து வெட்டிவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?’ என்கிறார். தூரில் துளை போட்டு எதையாவது ஊற்றினால் மரம் பட்டுவிடும், அப்புறம் அனுமதி தானாக வரும் என்றும் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. இதை எடுத்தாலும் அதே இடத்தில் வேறு மரம் வைக்க வேண்டும் என்றுதான் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். முதலில் அம்மா. அடி பலமாக இல்லை என்று நம்புகிறேன். நடைபாதைக் கல் தூக்கிக்கொண்டிருப்பது தனிப் புகார். அதை மரத்தோடு சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் போடாதீர்கள். மரத்தைப் பற்றிய முடிவு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நடைபாதையைக் கவனிப்பது பெரும்பாலும் சாலைப் பிரிவு, மரத்தைக் கவனிப்பது பூங்காப் பிரிவு. ஒரு மேசையில் நிற்கும் கோப்பு இன்னொன்றையும் நிறுத்திவிடும். சாலைப் பிரிவுக்கு இன்றே எழுதுங்கள். கல் எத்தனை சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது, யார் எப்போது விழுந்தார், எந்த இடம் என்று சொன்னால் போதும். கல்லின் விளிம்பில் ஒரு அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து இணையுங்கள். தூக்கிய விளிம்பைத் தேய்த்துவிடுவது, தார்க்கலவை போட்டுச் சரிவாக்குவது, பளிச்சென்று வண்ணம் அடிப்பது எல்லாம் உடனே செய்யக்கூடிய வேலைகள். அதற்கு மரத்தின் மேல் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இரண்டு யோசனையும் வேண்டவே வேண்டாம். நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட நிலம் உங்கள் வாசலில் இருந்தாலும் பெரும்பாலும் பொது நிலம். அதில் நிற்கும் மரம் பொதுச் சொத்து. அனுமதியில்லாமல் வெட்டினால் பல நகரங்கள் அபராதத்தோடு நிறுத்துவதில்லை, அடிமரத்தின் பருமனைக் கணக்கிட்டு மரத்தின் மதிப்பையும் கேட்கும். ஊற்றிக் கொல்வது அதைவிட மோசம். பட்டையில் போட்ட துளை ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலிலேயே படும். சரி, படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பட்ட மரம் சில மாதங்களில் முறுகிப்போய், காற்றே இல்லாத நாளில்கூடக் கிளையை உதிர்க்கும். கீழே நடப்பது உங்கள் வீட்டு மனிதர்கள். அதை இறக்குவதும் கடினம், ஏனென்றால் மரம் ஏறுபவர் கயிறு கட்ட நம்பிக்கையான கொப்பே இருக்காது. உங்களுக்கு மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசுதான் சரி.

இப்போது மறுப்புக் கடிதத்துக்கு வருவோம். மரத்தை வெட்ட வேண்டும் என்ற முடிவை நீங்களே எடுத்துவிட்டு, அதற்கு ஒப்புதல் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு செய்யும் அலுவலருக்குத் தேவை வேறு. மரம் செத்துவிட்டதா, சாகிறதா? விழக்கூடிய குறை ஏதாவது இருக்கிறதா? விழுந்தால் எதன் மேல் விழும்? வெட்டாமல் சரிசெய்ய வழி உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத விண்ணப்பம் எந்த ஊரிலும் நிற்காது. இலை கொட்டுகிறது, பறவை எச்சம் விழுகிறது, வீட்டின் முகப்பை மறைக்கிறது என்பவற்றை அநேகமாக எந்த நகரமும் காரணமாக ஏற்பதில்லை. உங்கள் காரணங்கள் அப்படிப்பட்டவை அல்ல, உண்மையானவை. ஆனால் மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். மரத்தை எடுத்தால் மூன்றும் தீரும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த விண்ணப்பத்துக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த மரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது? மரம் நகரத்துடையதாக இருக்கும், கவாத்துச் செலவும் (கிளைகளை வெட்டிச் சீராக்கும் செலவு) நடைபாதைச் செலவும் வீட்டுக்காரர் தலையில் இருக்கும். இப்படியும் சட்டங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் வெகுகாலம் பெரும்பாலான தெருமரங்கள் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் இருந்தன. 2016-இல் மக்கள் வாக்களித்து மாற்றிய பிறகு, 2017 ஜூலை முதல் தெருமரங்களையும் அவை நடைபாதையில் ஏற்படுத்தும் சேதத்தையும் நகரமே ஏற்றுக்கொண்டது. உங்கள் ஊரில் எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வது பிறகு உதவாது.

அப்புறம் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். பல சட்டங்கள் மரத்தின் பருமனை வைத்துத்தான் பேசுகின்றன. அந்தப் பருமனை எந்த உயரத்தில் அளப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க நகரங்களில் தரையிலிருந்து நாலரை அடி. பல நாடுகளில் 1.3 மீட்டர். சிங்கப்பூரின் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் அனுமதி கட்டாயம். இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 1.5 மீட்டர் உயரத்தில் விட்டம் 7.5 சென்டிமீட்டர் இருந்தாலே கை வைக்க 6 வாரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். மெல்லிய மரத்துக்கும் இந்த விதி பொருந்தும். உங்கள் ஊர் விண்ணப்பத்தில் எந்த உயரம் சொல்லியிருக்கிறதோ அங்கே நாடாவைச் சுற்றுங்கள். விட்டம் கேட்டிருந்தால் சுற்றளவை 3.14-ஆல் வகுக்க வேண்டும். 188 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் சுமார் 60.

நாடாவைச் சுருட்டிவிட்டு மரத்தை ஒரு சுற்று நிதானமாகப் பாருங்கள். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில், வேர்கள் விரியத் தொடங்கும் அந்தப் பகுதியில், மண்ணைக் கையால் கொஞ்சம் விலக்குங்கள். தட்டுப் போல அடுக்கடுக்காகக் காளான் ஒட்டியிருக்கிறதா? பட்டை உப்பியோ உரிந்தோ இருக்கிறதா? இரண்டு பெரிய கொப்புகள் ஒரே இடத்தில் பிரியும் கவட்டில் விரிசல் தெரிகிறதா? மரம் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புதிதாக வெடித்து மேலே எழும்பியிருக்கிறதா? ஒரு மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினால் உறுதியான இடம் கெட்டியாக ஒலிக்கும், உள்ளே பொந்து விழுந்த இடம் பறை போல ஒலிக்கும். இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். உள்ளே பொந்து இருந்தும் உறுதியாக நிற்கும் மரங்கள் ஏராளம்; வெளியே நான்கு பக்கமும் கெட்டியான மரம் போதிய அளவு இருக்கிறதா என்பதே கேள்வி, அதை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கண்டதைப் படமெடுத்து, எந்தப் பக்கம், எந்த உயரம் என்று குறித்து அனுப்பினால் ஆய்வாளர் நேரில் வருவார். மண் வெடிப்போ புதிய சாய்வோ கண்டால் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காமல் அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். உடனடி ஆபத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் தனி வழி உண்டு.

இனி உங்கள் பிரச்சினைகள் ஒவ்வொன்றாக. நடைபாதைக்கு நிரந்தரத் தீர்வு மரத்தை எடுப்பதுதான் என்று பல நிர்வாகங்களே நம்பின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2012-இல் தொடங்கிய சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தெருமரங்கள் வெட்டப்பட்டன. நடைபாதையைத் தூக்குகிறது என்பதற்காகவே நல்ல மரங்கள் பல விழுந்தன. மக்கள் மரத்தடியில் நின்று தடுத்தார்கள், கைதும் ஆனார்கள். 2018-இல் வெட்டு நின்றது. அதன்பின் மரம் மரமாக மறுபடி பார்த்தபோது, வெட்டும் பட்டியலில் இருந்த பல மரங்களை நடைபாதையை மாற்றியமைத்தே காப்பாற்ற முடிந்தது. 2023-இல் வந்த விசாரணை அறிக்கை அந்த நகர மன்றத்தைக் கடுமையாகக் குறை கூறியது. நீங்கள் கேட்க வேண்டியதும் அதே மாற்றங்களைத்தான். கல்லை எடுத்துவிட்டு நெகிழும் தளம் போடலாம், நடைபாதையை மரத்தருகே சற்று வளைத்துக் கொண்டுபோகலாம், வேருக்கு மேலே பாலம் போல உயர்த்தலாம், மரத்தைச் சுற்றியுள்ள மண்குழியை அகலப்படுத்தலாம்.

ஒன்றில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். நடைபாதை போட வரும் ஒப்பந்ததாரர், ‘இந்த வேரை வெட்டிவிட்டால் கல் சமமாக உட்காரும்’ என்பார். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மண்ணில் மேலாக, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடுகின்றன, மரத்தின் பந்தலை, அதாவது கிளையும் இலையும் விரிந்த பரப்பை, தாண்டி வெளியேயும் போகின்றன. கைப்பருமன் வேர்களை அடிமரத்துக்குப் பக்கத்தில் வெட்டினால் இலையில் ஒன்றும் தெரியாது. மரம் பச்சையாகவே நிற்கும், அடுத்த பெருங்காற்றில் வேரோடு சாயும். அடிமரத்திலிருந்து அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டுவது மரத்தின் பிடிமானத்தையே அறுப்பது; 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 1.8 மீட்டர். கட்டுமானப் பணிகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை விட்டத்தின் 12 மடங்கை ஆரமாக வைத்துப் பாதுகாக்கச் சொல்கிறது, அதாவது இதே மரத்துக்கு 7.2 மீட்டர். வேரில் கை வைப்பதற்கும் பல ஊர்களில் மர அனுமதி தேவை என்பதைச் சாலைப் பிரிவுக்கு எழுதும் கடிதத்திலேயே நினைவுபடுத்துங்கள். என் அனுபவத்தில் தெருமரங்களை அதிகம் கொல்வது இந்த ஒரு வேலைதான்.

குழாய் அடைப்பைப் பொறுத்தவரை, வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போவது அபூர்வம். பழைய குழாயின் இணைப்பு விலகியோ விரிசல் விட்டோ ஈரம் கசியும்போது, அந்த ஈரத்தைத் தேடி மயிர் போன்ற வேர் நுழைந்து உள்ளே கொத்தாகப் பெருகுகிறது. ஆகவே மரத்தை எடுத்தாலும் விரிசல் அப்படியே இருக்கும். கழிவுநீர் மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். நாளைக்கு வேறொரு செடியின் வேர் வரும். குழாய்க்குள் கேமரா விட்டு விரிசல் எங்கே என்று பாருங்கள். அந்த இணைப்பை மாற்றுங்கள், அல்லது உள்ளுக்குள் புதிய உறை போடச் சொல்லுங்கள். மரத்தடியில் தோண்டாமல் செய்ய முடிவதால் உறை போடுவது இங்கே நல்லது. உங்கள் மண் களிமண்ணாக இருந்தால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பெரிய மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த நீர், மரம் போன பின் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பிச் சுவரில் விரிசல் விடுவதுண்டு.

கிளை சுவரை உரசுவதுதான் இருப்பதிலேயே எளிது. அதற்குக் கவாத்து அனுமதி போதும். அகற்றும் அனுமதியைவிட விரைவாகக் கிடைக்கும். ஆனால் ‘கிளை வெட்ட அனுமதி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் கிளை, எங்கே வெட்டப்படும், சுவருக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி வரும் என்று எழுதுங்கள். படத்தில் அந்த இடத்தைக் கோடிட்டுக் காட்டுங்கள். யார் வெட்டப் போகிறார் என்பதையும் கேட்பார்கள். பல நகரங்களில் உரிமம் பெற்றவரோ தகுதிச் சான்று உள்ளவரோ மட்டுமே தெருமரத்தில் ஏறலாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அவரும் தொடக் கூடாது, மின் நிறுவனத்தின் ஆட்கள்தான் வர வேண்டும். லாரி நிறுத்தச் சாலையை அடைக்க வேண்டியிருந்தால் அதற்கு வேறு அனுமதி. கூடு கட்டும் பருவமாக இருந்தால் வேலைக்கு முன் கிளைகளில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வெட்டும் நாளன்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு தடிப்பு இருக்கும். வாள் அந்தத் தடிப்புக்கு வெளியே, அதை ஒட்டி இறங்க வேண்டும். தடிப்பையே சீவி அடிமரத்தோடு வழவழப்பாக வெட்டுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அது பெரிய காயம். குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளி வெட்டினால் குச்சி அழுகி அந்த அழுகல் உள்ளே இறங்கும். கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் சற்றுத் தள்ளி அடியிலிருந்து கொஞ்சம், பிறகு அதற்கு வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சமுள்ள கட்டையைத் தடிப்பை ஒட்டி. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையை நாராகக் கிழித்துக்கொண்டு போகும்.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக அறுத்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். மரம் காயத்தைப் பழைய திசுவால் சரிசெய்வதில்லை, சுற்றிலும் தடுப்பு எழுப்பிப் பூட்டிவிட்டு மேலே புது மரம் வளர்க்கிறது என்பதை அவர் ஆய்வுகள் காட்டின. அந்தத் தடுப்பின் முக்கியமான பகுதி கிளையடித் தடிப்பில்தான் இருக்கிறது. வெட்டுக்காயத்தில் தாரோ வண்ணமோ பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெளிவானது. யாராவது டப்பாவும் தூரிகையுமாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: ஒரே தடவையில் உயிருள்ள பந்தலில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, உச்சியை மொட்டையடிக்கக் கூடாது. மொட்டையடித்த மரம் பட்டினியால் அவசர அவசரமாகத் துளிர்க்கும். அந்தப் புதுக் கொப்புகள் மேல்தோலில் ஒட்டினாற்போல்தான் பிடித்திருக்கும். கனத்த பிறகு முறிந்து விழும். பாதுகாப்புக்காகச் செய்ததாகச் சொல்லும் வேலை ஆபத்தை உண்டாக்கி வைத்துவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஆய்வில் மரம் நிற்காது என்று தெரிந்தால், தயங்காமல் அகற்றும் விண்ணப்பம் போடுங்கள். வல்லுநரின் அறிக்கை, படங்கள், குழாய்க் கேமரா முடிவு, நடைபாதைப் புகாரின் எண் எல்லாம் கையில் இருக்கும்போது மறுப்புக் கடிதமும் ஒரு வரியில் வராது. பல நகரங்களில் மரத்தின் மேலேயே அறிவிப்பு ஒட்டுவார்கள், தெருவில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கு முன் நீங்களே அக்கம்பக்கத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே அரைத்து எடுப்பதும் அனுமதியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புது மரம் வைக்க அங்கே இடமே இருக்காது.

நடுவதற்கும் அனுமதி வேண்டும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஆசையாகக் கன்று வைத்துவிட்டு, பிறகு நகரமே வந்து பிடுங்கும்போது வருத்தப்படுகிறார்கள். தெருமுனையில் வண்டி ஓட்டுபவர் பார்வையை மறைக்காத தூரம், விளக்குக் கம்பத்திலிருந்து, தீயணைப்புக் குழாயிலிருந்து, நிலத்தடிக் குழாய்களிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் விதியில் இருக்கும். மேலே மின்கம்பி போனால் முழுதாக வளர்ந்தும் கம்பியைத் தொடாத குட்டையான இனம்தான் பெரும்பாலும் தருவார்கள். நகரத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஆனால் பட்டியலில் உள்ள எல்லாம் உங்கள் குழிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரம் முழுதாக வளர்ந்தால் அடிமரம் எவ்வளவு பருக்கும் என்று கேளுங்கள், குழி அதைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். இப்போதைய நடைபாதைச் சிக்கலும் குழி சிறிதாக இருந்ததில் தொடங்கியதாக இருக்கலாம்.

தோண்டும் முன் நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். குழி வேர்ப்பந்தைப் (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். பையிலோ தொட்டியிலோ வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேர்கள் இருந்தால் நடும்போதே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு மரத்தின் கழுத்தை நெரிக்கும். அடிமரம் வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண்ணை மூடும் சருகு, மரத்தூள் போன்ற மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போடலாம், அடிமரத்தைத் தொடாமல். முட்டுக்கொம்பு கட்டினால் ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் கட்டு பட்டைக்குள் புதைந்துவிடும். நடும் அனுமதி கையில் வரும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு? நகரம் ஊற்றும் என்று எழுதியிருந்தாலும் வாசலில் ஒரு குடம் தயாராக வைத்திருங்கள்.